குப்பைக்குப் பஞ்சம்

கல்யாணசுந்தரிக்கு அந்த வாரம் முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் நாற்காலி சுட்டது, எழுந்தால் தரை சுட்டது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் இருந்த அந்தப் பெண்கள் கல்லூரி வராந்தாவில் அவள் நடந்த நடையை நீட்டிப் போட்டிருந்தால் செங்கோட்டை தாண்டிக் கொல்லத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

காரணம், மூன்று தார் டிரம்கள். எண்பத்தைந்தாம் வருஷம், சீசன் தொடங்கிய நேரம். விலங்கியல் துறையில் தற்காலிக விரிவுரையாளராக இருந்த அவளை முதல்வர் அம்மா கூப்பிட்டார்.

"கழிவுப் பொருளைச் சேர்த்து மறுபடி பயன்படுத்துற திட்டம் ஒண்ணு வந்திருக்கு. நடத்திக் காட்டு. சனிக்கிழமை அதிகாரி பார்க்க வாராரு. அவருக்குத் திருப்தின்னா ஒன் வேலை நிரந்தரம்."

டிரம்களுக்குப் பச்சை வர்ணம் அடித்து 'காகிதம்', 'கண்ணாடி', 'பிளாஸ்டிக்' என்று எழுதி மரத்தடியில் வைத்தாள். காலைப் பிரார்த்தனையில் மைக்கைப் பிடித்து, "எதையும் வீணாக்காதீங்க! கையில கெடைச்சத மறுபடி பயன்படுத்துங்க! யாரெல்லாம் தயார்?" என்று முழங்கினாள். அத்தனை கையும் ஒரேயடியாக உயர்ந்த வேகத்தில், மலையிறங்கி வந்த சாரல் மேகம் பயந்துபோய்த் திரும்பி ஏறிவிட்டது.

வியாழக்கிழமை டிரம்முக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். அவள் விட்ட பெருமூச்சு மட்டும் எதிரொலித்தது.

பக்கத்தில் ரொட்டி தின்றுகொண்டிருந்த மாணவியைப் பிடித்தாள். "ஏட்டி ஆவுடைத்தாய், அந்தக் கவர டிரம்ல போடு."

"அய்யய்யோ மிஸ்! அருவிக்குப் போகையில ஈரச் சோப்ப எதுல சுத்திக் கொண்டுவர?"

"பழைய ரெக்கார்டு நோட்டு?"

"அதெல்லாம் கேன்டீன் அண்ணாச்சிகிட்ட."

கேன்டீனுக்கு ஓடினாள். இசக்கியப்பன் அண்ணாச்சி வடையை மடித்துக் கொடுத்த தாளில், அவளே திருத்திய தவளை மல்லாந்து கிடந்தது.

"ஒங்க பாடத்துத் தாளு கெட்டி, டீச்சர். எண்ணெய நல்லாக் குடிக்குது. இன்னும் இருந்தா அனுப்புங்க."

"கண்ணாடிக் குப்பியாவது யாராச்சும் தூரப் போடுதாங்களா?"

"எங்கன? தேன் விக்கிறவன் காலிக் குப்பி கேட்டு வாசல்லயே நிக்கான். பிள்ளைங்க இருமல் மருந்தக் கீழ கொட்டிட்டுல்லா குப்பியக் குடுக்கு!"

வெள்ளிக்கிழமை பொறுமை போயிற்று. நாலைந்து மாணவிகளையும் சாக்குகளையும் கூட்டிக்கொண்டு குற்றாலத்துக்கே போனாள். ஆகா, அதுவல்லவோ குப்பை! ஷாம்பு உறை, சோப்புக் காகிதம், எண்ணெய்ப் புட்டி என்று அருவிக்கரை பொங்கி வழிந்தது. ஒரே ஒரு தொந்திக்காரர் குளித்து முடித்த இடத்தில் ஒரு சாக்கு நிறைந்தது.

பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டர், "சீசனுக்கு வந்தவுக மங்குஸ்தான் வாங்கிட்டுப் போவாக. நீங்க குப்பைய வாங்கிட்டுப் போறிய! லக்கேஜ் போடவா, பிரசாதம்னு விட்டுரவா?" என்றார். பஸ்ஸே குலுங்கியது.

சனிக்கிழமை காலை சாக்குகளை இழுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனால், டிரம்களைக் காணோம். தரையில் மூன்று வட்டங்கள் மட்டும் இருந்தன.

தேடி ஓடினாள். ஒரு டிரம், விடுதிக் கூரையடியில் மழைத்தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னொன்றில் கேன்டீன் கரி நனையாமல் சுகமாக இருந்தது. மூன்றாவதை வெட்டி, தட்டி, தகடாக்கி, ஒழுகிய சைக்கிள் கொட்டகைமேல் ஆணியடித்தாயிற்று. 'பிளாஸ்டிக்' என்ற எழுத்து ஆகாயத்தைப் பார்த்துச் சிரித்தது.

விடுதிச் சமையலுக்குப் பொறுப்பான முப்பிடாதியம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றாள். "என்ன மிஸ் மொறைக்கிய? வெறும் டிரம்மு சும்மாக் கெடந்துச்சு. வீணாக்காதீகன்னு மைக்கு கிழியக் கத்துனது நீங்கதான? காலேஜே ஒங்க பேச்சத் தட்டலேல்லா!"

அதற்குள் ஜீப் வந்துவிட்டது. அதிகாரி ஹரிஹரசுப்பிரமணியன் மரத்தடியில் இருந்த சாக்கைத் திறந்து பூரித்தார். "பேஷ்! பொண்ணுங்க நல்லா ஒத்துழைக்கிறாங்களே!" அடுத்த பிடியில் பீடிக்கட்டு உறையும் சவரபிளேடு உறையும் வந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது பெண்கள் கல்லூரிதானே?"

முதல்வர் அம்மா அவளைப் பார்த்தார். அவள் சாக்கின் வாயை இழுத்து மூடினாள்.

"இது குற்றாலத்துக் குப்பை சார்," என்று உடைத்துவிட்டாள். "எங்க காலேஜ்ல குப்பையே விழல. டிரம்மைக்கூட எடுத்துப் பொழங்கிட்டாங்க."

அதிகாரி நெற்றியைத் தேய்த்தார். "நல்ல விஷயந்தாம்மா. ஆனா குப்பை இல்லன்னு நான் எழுதினா, திட்டம் எதுக்குன்னு மேல கேப்பாங்க. திட்டம் இல்லன்னா..."

'நீங்களும் இல்லை' என்று அவர் முடிப்பதற்குள் முதல்வர் அம்மா முந்திக்கொண்டார். "அருவிக்கரைக் குப்பையச் சேத்தாத் திட்டத்துல வராதா சார்? அங்க என்னைக்கும் ஒழியாதே!"

அதிகாரி முகம் பூத்தது. "வருமே! அது வந்துக்கிட்டே இருக்கிறவரைக்கும் இந்தம்மா வேலையும் இருக்கும்."

அடுத்த சனிக்கிழமை அருவிக்கரையில் சாக்கோடு நின்றாள் கல்யாணசுந்தரி. தண்ணீர் குறைந்திருந்தது, கூட்டமும் குறைந்திருந்தது. சாக்கு பாதிகூட நிறையவில்லை. மேகத்தைப் பார்த்தாள், பஸ்ஸைப் பார்த்தாள், மறுபடி மேகத்தைப் பார்த்தாள். கடையத்துப் புதுமாப்பிள்ளை ஒருவர் ஷாம்பு உறையைப் பல்லால் கிழித்து, மூலையைத் துப்பி, உறையை அவள் காலடியில் வீசினார்.

திட்டத்தான் வாயைத் திறந்தாள்.

"அண்ணாச்சி, அவ்வளவு முடிக்கு ஒண்ணு எப்படிக் காணும்? இன்னொண்ணு போட்டுக்கிடுங்க!"