ஜூடிக்கு மருந்து ஊற்றியது யார்

ஊற்றியிருப்பார், ஊற்றாமலா இவ்வளவு சாவதானமாக விறகு பிளந்துகொண்டிருக்கிறார், ஆனால் அவர் எதைத்தான் சாவதானமில்லாமல் செய்தார், வீடு பற்றி எரிந்தாலும் முதலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் எழுந்திருப்பார்... அடைக்கலமேரி மருந்துப் புட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். கறுப்புப் புட்டி, உள்ளே கறுப்பு மருந்து, ஐந்து சொட்டு குறைந்திருக்கிறதா இல்லையா என்று கொடுத்துவிட்டுப் போன சேனாதிபதி டாக்டரே வந்து பார்த்தாலும் தெரியாது. காலையில் ஒரே ஒரு தடவை, சோற்றுக்கு முந்தி, கூடிப்போச்சுன்னா இருதயம் நின்னுபோகும், விட்டுட்டா மூச்சு முட்டிரும், பாத்துக்கங்க என்று சொன்னார். அந்தப் பக்கம் ஒரு சாவு, இந்தப் பக்கம் ஒரு சாவு, நடுவில் இந்தப் புட்டி. இதற்கு ஒரு டாக்டர், அதுவும் மாட்டு டாக்டர், ஐயோ அவரைச் சொல்லி என்ன, நல்ல மனுஷன், ஒரு நாய்க்காக அந்த மழையில் மூஞ்சிக்கல் மேட்டில் நடந்து வந்தாரே. அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில்தான் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துப் பாய்லர் வேலை முடிந்து வந்திருக்க வேண்டும், குழாயடியில் அவ்வளவு கூட்டம், குடத்தோடு திரும்பினால் வீட்டுக்குப் பின்னால் கோடாலிச் சத்தம் கேட்கிறது. நடுவில் உள்ளே வந்தாரா, புட்டியை எடுத்தாரா, யார் கண்டது. கரண்டி ஈரமாக இருந்தது. ஆனால் விடியற்காலையில் எல்லாக் கரண்டியையும் அவள்தானே கழுவிக் கவிழ்த்தாள், இந்தக் குளிரில் எது காய்கிறது, இந்த ஊரில் துணியே காய்வதில்லை.

ஜூடி அடுப்போரம் சாக்கின் மேல் கிடந்தது. வயிறு ஊதி, விலா எலும்பு மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்கப் படுக்கவே இல்லை, உட்கார்ந்தபடியே இருமியது, படுத்தால் நெஞ்சில் நீர் ஏறுகிறதாம், தலைக்கு உயரமாக வையுங்கள் என்றார் டாக்டர், பழைய கம்பளியைச் சுருட்டி வைத்திருக்கிறாள். அவள் குனிந்து அதன் வாயருகே முகர்ந்து பார்த்தாள். மருந்து வாசனையா, புகை வாசனையா... இந்த வீட்டில் எல்லாமே புகை வாசனைதான், ஜூடியும் புகை, அவளும் புகை. நீண்ட காதைத் தூக்கி உள்ளே துணியால் துடைத்தாள், மழை மாசத்தில் தினமும் துடைக்காவிட்டால் சீழ் வைத்துவிடும். பக்கத்து வீட்டுக் கந்தம்மாள் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்று என்பாள், ஊற்றி ஒரு தடவை பட்ட பாடு போதும். வெள்ளைக்காரத் துரைசாணி வீட்டு நாய்க்கும் தெரு நாய்க்கும் பிறந்தது, காது மட்டும் துரைசாணி வீட்டுக் காது, பாக்கியெல்லாம் மூஞ்சிக்கல் தெரு. ஏ ஜூடி, அப்பா மருந்து ஊத்துனாங்களா உனக்கு? சத்தமாகத்தான் கேட்டாள். கோடாலி விழுந்துகொண்டே இருந்தது. முன்னறையில் அவர் இருந்தால் இந்நேரம் பதில் வந்திருக்கும், சொல்லு ஜூடி, ஊத்தியாச்சுன்னு. பின்பக்கம் தைலமரக் கட்டையோடு மல்லுக்கட்டுகிற மனுஷனுக்கு எப்படிக் கேட்கும். முன்பென்றால் ஜூடியே எழுந்து போகும். அப்பாவைக் கூப்பிடு என்றால் போதும், ஓடிப்போய் அவர் முன்னால் நிற்கும், அவரும் சோறு ஆகிவிட்டது என்று கை கழுவிக்கொண்டு வருவார். இப்போது அதற்குத் தலையைத் தூக்கவே தெம்பில்லை.

போய்க் கேட்டால்தான் என்ன, பத்து எட்டு இருக்குமா, இதிலே என்ன வெட்கம், சண்டையா போட்டோம்... சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். சொன்னால் யார் நம்புவார்கள், சிரிப்பார்கள். ஒரு நாளும் அவர் ஒரு சுடுசொல் சொன்னதில்லை, குடித்துவிட்டு வந்ததில்லை, சலேத் மாதா திருவிழாவுக்குச் சேலை எடுக்காமல் விட்டதில்லை. உபகாரம் அண்ணன் மாதிரி மாப்பிள்ளை கிடைக்க நீ குடுத்து வச்சிருக்கணும் என்று கந்தம்மாள் இன்றைக்கும் சொல்கிறாள். ஆமாம், குடுத்துத்தான் வைத்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டாள்? ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. தொண்டையைக் கனைப்பாள், பாத்திரத்தை ஓசைப்பட வைப்பாள். அவருக்கும் அப்படித்தான், இருமுவார். பிறகு புஷ்பம் பிறந்தாள், இரண்டு பேருக்கும் வாய் வந்தது. புஷ்பம், அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு. புஷ்பம், அம்மாகிட்டச் சொல்லு, நாளைக்கு வெள்ளனே போகணும்னு. பேச்சு தெரியாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதனிடம் சொன்னார்கள், பேச்சு வந்த பிறகு அது அப்படியே இங்கும் அங்கும் ஓடிச் சொன்னது, சில நாள் சொன்னதைவிடக் கூடவும் சொன்னது, அப்பா உன்னைய அழகாருக்கன்னு சொல்லச் சொன்னாங்கம்மா என்று ஒரு தடவை... அவர் சொல்லியிருப்பாரா, பிள்ளையாக இட்டுக்கட்டியதா, இன்றுவரை தெரியாது, அதையும் கேட்கவில்லை. அப்போது அவசரத்துக்குக் கூப்பிட ஒரு வார்த்தை இருந்தது, புஷ்பம் அப்பா. எல்லாப் பெண்களும் கூப்பிடுகிற மாதிரிதான். குழாயடியிலிருந்து கூப்பிடலாம், கூட்டத்தில் கூப்பிடலாம். புதுப் பைசா வந்த வருஷம் காய்ச்சலில் புஷ்பம் போனாள், கூடவே அந்த வார்த்தையும் போயிற்று. கல்லறையிலிருந்து திரும்பி வந்த அன்று சோற்றை வடித்துவிட்டுப் பழக்க தோஷத்தில் புஷ்பம், அப்பாவை என்று பாதி சொல்லி, வாயைப் பொத்திக்கொண்டு, காலடியில் நின்ற ஜூடியைப் பார்த்து மீதியைச் சொன்னாள், ஜூடி, அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு. பிள்ளை வளர்த்த நாய். அது எழுந்து போயிற்று. அவர் வந்தார். அவ்வளவுதான், அன்றைக்குத் தொடங்கியது.

அதனால்தானே ஜூடி இந்த நிலைமைக்கு வந்தது. டாக்டர் அடிவயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, இதுக்கு யாரு சோறு வைக்கிறது என்று கேட்டார். நான்தாங்க என்றாள் அவள். நான்தாங்க என்றார் அவரும், அதே மூச்சில். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, ஜூடியைப் பார்த்தார்கள், கூட்டுக் களவு செய்து பிடிபட்டது போல ஜூடி முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் விடியற்காலையில் பள்ளிக்கூடத்து மெஸ்ஸில் மிஞ்சிய ரொட்டியும் கறித்துண்டும் கொண்டுவந்து வைப்பாராம், வீட்டில் யாரும் கவனிப்பதில்லை என்ற எண்ணமாம். அவள் காலையிலும் ராத்திரியிலும் எலும்புக் குழம்பு ஊற்றிப் பிசைந்து வைப்பாள், உப்பும் நெய்யும் போட்டு, மனுஷருக்கு வைப்பதுபோல. அவருக்கு நாய் நினைப்பு எங்கே என்ற எண்ணம் அவளுக்கு. எத்தனை வருஷமாக இரட்டைச் சோறு! அது பாவம், வேண்டாம் என்றா சொல்லும், போய்ச் சொல்லவா தெரியும், வயிறு கொள்ளாவிட்டாலும் இரண்டு பேர் மனசும் கோணாமல் தின்றிருக்கிறது. டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "ரெண்டு பேரும் ஆளாளுக்குப் போட்டா அது என்னத்துக்குங்க ஆகும்? கொழுப்பு போய் இருதயத்தை அமுக்கிக்கிட்டுக் கெடக்கு. உப்பு ஆகவே ஆகாது. ஒரு வேளை, ஒரு கை, அதுவும் அரை வயித்துக்கு. மருந்தும் அப்படித்தான். யாரு குடுக்கிறதுன்னு ரெண்டு பேரும் பேசி வச்சுக்கங்க." பேசி வைத்துக்கொள்வதாம். மருந்தைவிட அதுதான் கசப்பாக இருந்தது. டாக்டர் போன பிறகு வீட்டில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. முந்தாநாள் அவர் புட்டியைத் திறந்ததை அவள் பார்த்தாள், நேற்று அவள் ஊற்றும்போது அவர் பார்த்துக்கொண்டு நின்றார். இன்றைக்கு யாரும் யாரையும் பார்க்கவில்லை.

புட்டியை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டலாம். நீட்டினால் ஊற்றச் சொல்கிறாள் என்று வாங்கிக்கொண்டு வந்து ஊற்றிவிடுவார், ஏற்கெனவே ஊற்றியிருந்தாலும் அவள் சொன்னால் செய்துவிடுகிற ஆள், போன தடவை டீத்தூள் டப்பாவைக் காட்டினாள், பக்கத்தில் புது டீத்தூள் பொட்டலம் இருந்தும் கடைக்குப் போய் இன்னொன்று வாங்கி வந்தார். ஜூடி இருமியது. இருமல் முடியவே இல்லை, கழுத்தை நீட்டி, நாக்கு ஊதாவாகி, கால்கள் தரையைப் பிராண்டின. அவள் அதன் தலையைப் பிடித்துக்கொண்டாள். ஊற்றவில்லை போலிருக்கிறதே, ஊற்றியிருந்தால் இப்படி முட்டுமா... இல்லை, இரண்டு தடவை ஆனால்தான் இப்படி ஆகுமோ, யாரைக் கேட்க. மாதாவே, இது போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரிடம் பேசுவேன்? அந்தக் கேள்வி நெஞ்சில் விழுந்ததும் அவளுக்கு அருவருப்பாக இருந்தது, நாய் சாகக் கிடக்கிறது, நான் என் பேச்சைப் பற்றி யோசிக்கிறேன். ஆனால் உண்மை அதுதான். அவள் எழுந்து பின்கதவைத் திறந்தாள்.

பனி அப்படியே உள்ளே வந்தது. அவர் முதுகு தெரிந்தது, பழைய கம்பளிச் சட்டை, முழங்கையில் அவள் போட்ட ஒட்டு. என்னங்க என்று சொல்லிப் பார்த்தாள், உதடு மட்டும் அசைந்தது, யாரோ ஒருத்தர் வீட்டுப் பேச்சு மாதிரி இருந்தது. இங்க பாருங்க... அதுவும் வரவில்லை. உள்ளே மறுபடி இருமல். பிறகு எப்படி வந்தது என்று தெரியவில்லை, தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது, "புஷ்பம் அப்பா!"

கோடாலி கட்டையில் பதிந்து நின்றது. அவர் திரும்பினார். அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, கதவிடுக்கில், இடுப்பு உயரத்தில் எதையோ தேடினார், ஒரு நொடிதான், அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவள் பார்த்துவிட்டாள், அது போனதையும் பார்த்தாள். ஏன் கூப்பிட்டேன், ஏன் கூப்பிட்டேன், இந்த வார்த்தையை விட்டால் வேறு கிடைக்கவில்லையா உனக்கு... கையிலிருந்த புட்டியை அவர் பார்த்தார். அவளைக் கடந்து உள்ளே போனார், தைல வாசனையோடு. ஜூடியின் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து, மரத்தூள் ஒட்டிய கையால் அதன் நெற்றியைத் தடவினார். நெடுநேரம் தடவினார். பிறகு அதன் காதுக்குள் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஊத்தியாச்சுன்னு அம்மாட்டச் சொல்லு, ஜூடி. வெள்ளனே வந்ததும் ஊத்திட்டேன்னு சொல்லு. வேற ஊத்த வேணாம்னு சொல்லு."

ஜூடியின் காது அசையவில்லை. கண் பாதி மூடியிருந்தது. ஊற்றியாகிவிட்டது, நல்லவேளை, என்று அவள் புட்டியை மாடத்தில் வைத்தாள், ஆனால் ஊற்றியும் இப்படி முட்டுகிறதே, அப்படியானால் மருந்து கேட்கவில்லை, அப்படியானால்... அவர் எழுந்திருக்கவில்லை. பிடரி நரைத்திருந்தது, எப்போது நரைத்தது? இத்தனை வருஷமும் இவருக்குப் பேசப் பிடிக்கவில்லை என்றுதானே நினைத்தாள், ஒரு மூலையில் அதற்காகக் கறுவிக்கொண்டும் இருந்தாள். இவர் அவளை என்னவென்று கூப்பிடுவார்? புஷ்பம் அம்மா என்றுதானே கூப்பிட்டார், அதைத் தவிர வேறு என்ன சொல்லிக் கூப்பிட்டார்? அவரிடமும் ஒன்றுமில்லை. மரியாதை என்று நினைத்து, வெட்கம் என்று நினைத்து, கல்யாணமான நாளிலிருந்தே இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூடச் சம்பாதித்து வைத்துக்கொள்ளவில்லை. இப்போது சொல்லலாம், அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டு நேராகவே சொல்லலாம், எனக்குப் பயமாயிருக்குங்க என்று. சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"காப்பி வேணுமான்னு அப்பாட்டக் கேளு, ஜூடி" என்றாள்.

அவர் தலை நிமிரவில்லை. இருவரும் ஜூடி எழுந்திருக்கும் என்று காத்திருந்தார்கள்.