நாற்பத்தொரு தாமதங்கள்

குடியுரிமைக்கு விண்ணப்பித்து ஐந்து மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. என் மனைவி இந்த நாட்டுக்கு வந்த முதல் பதினோரு மாதங்களும் இங்கேதான் இருந்தாள் என்பதற்கு ஆதாரம் போதவில்லை. முப்பது நாட்களுக்குள் அனுப்பாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி என்று அதில் இருந்தது.

அந்தப் பதினோரு மாதமும் நான் இங்கே இல்லை. எனக்கு விசா இழுத்தடித்ததால் அவள்தான் மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. கூட வேலை செய்த ஒருத்தியின் வீட்டில் ஓர் அறையில் தங்கினாள். வாடகை ஒப்பந்தத்தில் இவள் பெயர் இல்லை. சம்பளச் சீட்டுகள் இருந்த அட்டைப்பெட்டி, பிறகு நாங்கள் இருந்த ஒரு வீட்டில் குழாய் உடைந்து கூழாகிப் போனது. சலவைக்கூடத்தை நடத்திய நிறுவனமும் கைமாறி, பழைய பதிவுகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை.

"நான் இங்க இல்லாமலா என் முதுகு இப்படிப் போச்சு?" என்று கடிதத்தையே பார்த்துக் கேட்டாள்.

"உன்னை அங்க தினமும் பார்த்தவங்க யாராவது இருப்பாங்கல்ல. யோசிச்சுப் பாரேன்."

வேண்டாவெறுப்பாக, "அலாரம்" என்றாள்.

அலாரம் என்பது அவளுடைய மேற்பார்வையாளருக்கு அவள் வைத்த பெயர். மாதத்தில் ஒரு வாரம் அவளுக்கு ஏழு மணி ஷிப்ட் வரும். ஏழைத் தாண்டி ஒரு நிமிடம் ஆனாலும், அந்த அம்மாள் கழுத்தில் தொங்கும் பேனாவை எடுத்து நோட்டில் எழுதிவிடுவாராம். அந்த வாரங்களில் நான் ஊரிலிருந்து போன் செய்தால், "இன்னைக்கும் எழுதிட்டாங்க. என்னைத் துரத்திட்டுத்தான் ஓய்வாங்க போல" என்று மூக்கை உறிஞ்சுவாள்.

"அவங்ககிட்ட போய் நிக்கணுமா? என்னைக் கண்டாலே ஆகாதுங்க அவங்களுக்கு."

"ஆகலன்னா ஆகலன்னு சொல்லட்டும். கேக்கறதுல என்ன போச்சு?"

பழைய தோழி ஒருத்தியிடம் முகவரி வாங்கி, சனிக்கிழமை மதியம் மூவரும் போனோம். அந்த அம்மாள் ஓய்வு பெற்று, மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். கதவைத் திறந்து என் மனைவியை மேலும் கீழும் பார்த்தார். அவர் பேசியது இந்த நாட்டு மொழிதான். என் காதில் விழுந்தது தமிழில் இப்படி இருந்தது:

"இஸ்திரி மெஷின் பக்கத்துல நிப்பியே, நீதானே?" பிறகு என் மகளிடம் திரும்பினார். "இதுதானா அந்தக் குழந்தை? ஆள் உயரத்துக்கு வளந்துட்டியே!"

என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். குழந்தை இருப்பது தெரிந்தால் வேலை தர மாட்டார்கள் என்று பயந்து, அங்கே யாரிடமும் அவள் மூச்சு விட்டதில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எதிர்த்த தெருவுலதானே குழந்தைங்க காப்பகம்? ஏழு மணிக்குத்தான் கதவைத் திறப்பாங்க. நீ குழந்தைய உள்ள விட்டுட்டு, செருப்பு கழலக் கழல ஓடி வர்றதை ஜன்னல்ல நின்னு பார்ப்பேன்."

விஷயத்தைச் சொன்னோம். அவர் உள்ளே போய், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய நோட்டுகளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார். வேலை செய்த எல்லா வருஷத்து நோட்டுகளும் இருந்தன; ஓய்வு பெறும்போது வீட்டுக்கு எடுத்து வந்திருந்தார். எங்கள் வருஷத்தைத் தேடி எடுத்தார். பதினோரு மாதத்தில் நாற்பத்தொரு இடத்தில் என் மனைவியின் பெயர். ஏழு மணி ஆறு நிமிடம். ஏழு மணி ஒன்பது நிமிடம். ஒவ்வொன்றுக்கும் நேராகச் சின்ன எழுத்தில் ஒரே வரி: "காப்பகம் ஏழு மணிக்குத்தான் திறக்கிறது. தாமதத்தை மன்னிக்கலாம்."

என் மனைவி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

"வாசல்ல இருந்த மெஷின் உன் அட்டையில நேரத்தை அடிச்சிடும். அதை நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் அவர். "காரணம் இல்லாம மூணு தடவை லேட்டானா வேலை போயிடும். காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டா மேல இருக்கறவங்க கேக்க மாட்டாங்க. அதான் எழுதினேன்."

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா நீ ஓடி வர்றதை விட்டுட்டு நடந்து வந்திருப்ப."

என் மனைவி சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் அது அழுகையாகிவிட்டது. "இத்தனை வருஷமா உங்களைத் திட்டிட்டு இருந்தேனே" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் மகளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு அவள் ஓடிய நாற்பத்தொரு காலைகளில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. பார்த்தவர் இவர். வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தவரும் இவர்.

அடுத்த வாரம் அவரே நோட்டோடு குடியுரிமை அலுவலகத்துக்கு வந்து, உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். அதிகாரி நோட்டைப் புரட்டிவிட்டு, "இவங்க அங்க ஒழுங்கா வேலைக்கு வந்தாங்களா?" என்று கேட்டார்.

"லேட்டா வந்திருக்கா. வராம இருந்ததில்ல."

அதிகாரி தலையைக் குனிந்து எழுதினார். வாயோரம் சிரிப்பு தெரிந்தது.

ஏழு வாரத்தில் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. உறுதிமொழி எடுக்கும் நாளில் ஆளுக்கு மூன்று விருந்தினர் வரலாம் என்றார்கள். நான், மகள், அலாரம். அறுபது பேர் சேர்ந்து வாசித்த அந்தக் கூடத்தில் என் மனைவியின் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. ஓரிடத்தில் தடுக்கி, மறுபடி சேர்ந்துகொண்டது. பக்கத்தில் அந்த அம்மாள் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். என் மகள் தன்னுடையதைக் கொடுத்தாள்.

மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. ஊரிலிருந்து என் மாமியார் வீடியோவில் வந்தார். தன் மகளை வாழ்த்திவிட்டு, "அந்தம்மாகிட்ட போனைக் குடு" என்றார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. என் மாமியார் பாட்டுக்குத் தமிழில் பேசிக்கொண்டே போனார். அந்த அம்மாள் குறுக்கே பேசாமல், தலையாட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். மாமியார் பேசி முடித்ததும் அந்த அம்மாள் என்னிடம் திரும்பினார்.

"என்ன சொன்னாங்க?"

"நன்றி சொன்னாங்க."

"இவ்வளவு நேரமுமா?"

"ஆமா. இவ்வளவு நேரமும்."