4117-ஆம் பொட்டலம்

விதை வங்கியில் முளைப்புச் சோதனை செய்துவந்த பெண், ஒரு திங்கட்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்குத் தூங்கிப்போய், இரண்டு வருடமும் நான்கு மாதமும் கழித்து ஒரு வியாழக்கிழமை எழுந்தார். இடையில் ஒரு தடவைகூடப் புரண்டு படுக்கவில்லை. விதைகளை ஐம்பது ஐம்பதாக எண்ணி ஈரத்தாளில் அடுக்கி, எத்தனை முளைக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. வீட்டில் பட்டாணி உரித்தாலும் ஐம்பதுக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு விடுவார். அதனால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ஐம்பதக்கா. கணவர் அதே கட்டிடத்தில் குளிரறை மெக்கானிக். விதைகள் நூறு வருடம் கெடாமல் இருக்க, அந்த அறையைப் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரியில், அரை டிகிரி கூடாமல் குறையாமல், இருபத்திரண்டு வருடமாக வைத்திருப்பவர். வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஒரே மகள் மருத்துவமனையில் நர்ஸ்.

அன்றைக்கு அக்காவின் மேஜையில் இருந்தது 4117-ஆம் பொட்டலம். ஒரே ஒரு மலைச்சரிவில் மட்டும் வளர்ந்த காட்டுப்பயறு. அந்தச் சரிவு இப்போது கல்குவாரி. உலகத்தில் மிச்சம் இருந்ததே நாற்பத்திரண்டு விதைதான். அதில் பத்தை ஈரத்தாளில் வைத்து மூன்று வாரம் ஆகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. செத்த பொட்டலத்துக்கு எதற்கு இடம், கழித்துவிடலாம் என்றார் இயக்குநர். அக்கா இடுக்கியால் ஒரு விதையை அழுத்திக் காட்டினார்.

"செத்ததுன்னா இந்நேரம் பூசணம் பிடிச்சுக் கொழகொழன்னு ஆகியிருக்கும் சார். இது தூங்குது" என்றவர், மோந்து பார்க்கக் குனிந்து, அப்படியே தாளின் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டார்.

மருத்துவர்கள் இரண்டு வாரம் பார்த்தார்கள். நாடி நிமிடத்துக்கு ஒன்பது. பசியில்லை, நகம் வளரவில்லை, நோயும் இல்லை. வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். வீட்டில் வெக்கை என்று மெக்கானிக் அவரை விதை வங்கிக்கே கொண்டுவந்து, குளிரறைக்கு முன்னால் இருந்த சின்ன அறையில் கட்டில் போட்டுப் படுக்கவைத்தார். இயக்குநர் யோசித்துவிட்டு வருகைப் பதிவேட்டில் 'சோதனையில் உள்ளார்' என்று எழுதினார். தினமும் அப்படியே எழுதப்பட்டது.

விதை எழுந்தால் மனைவியும் எழுவாள் என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது. அக்காவின் நோட்டில் தூங்கும் விதைகளை எழுப்பும் வழிகள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. மெக்கானிக் பொறுமை இல்லாத மனுஷர். ஈரத்தாளில் இருந்த அந்தப் பத்து விதையின் தோலை உப்புத்தாளில் தேய்த்தார்; மனைவியின் குதிகாலை சொரசொரக் கல்லால் தேய்த்தார். விதைகள் அழுகின. மகள் வந்து நாடி பார்த்தபோது ஏழு. அடுத்த பத்தை வெந்நீரில் போட்டார், நாடி ஐந்து. அதற்கடுத்த பத்துக்குப் புகை காட்டினார், மூன்று. மகள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "போதும்ப்பா" என்றாள். அவர் நோட்டை மூடிவைத்துவிட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்து அழுதார்.

மிச்சம் பன்னிரண்டு. ஒன்றிரண்டை அறுத்துச் சாயத்தில் போட்டால் உயிர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும் என்றார் இயக்குநர். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, முறை அப்படி. மெக்கானிக் கதவை மறித்து நின்றார்.

"அறுத்துப் பாத்தா உசிரு இருந்துச்சான்னு தெரியும் சார். அப்புறம் இருக்காது."

இயக்குநர் திரும்பிப் போய்விட்டார்.

இது நடந்தது நான்காம் மாதம். மறுநாள் வழக்கம்போல வெப்பமானி பார்க்கப் போன மெக்கானிக், பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு என்ற எண்ணுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். மலைச்சரிவில் பனி வரும், வெயில் வரும், மழை வரும். இந்த அறைக்குள் இருபத்திரண்டு வருடமாக ஒரே நாள்தான். "அதுங்களுக்குக் காலம் போனதே தெரியாது. நான்தானே போகவிடல" என்று மகளிடம் சொன்னார்.

அன்று முதல் அந்தச் சின்ன அறைக்கு அவர் பருவம் செய்தார். பன்னிரண்டு விதையும் ஈர மணலில், ஒரு தட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தன. மூன்று மாதம் பனி. பிறகு நாளுக்குக் கால் டிகிரியாக இளவேனில். பிறகு மகளே வேர்த்து விறுவிறுத்துப்போகும் கோடை. பிறகு பூவாளியால் மழை. கம்பளியும் விசிறியும் மாறி மாறி வந்தன. சூடும் குளிரும் மட்டும் போதுமா என்ற சந்தேகத்தில், வெளியே நடப்பதையெல்லாம் உட்கார்ந்து சொல்லவும் ஆரம்பித்தார். எந்த மரம் இலை கொட்டியது, பக்கத்து வீட்டில் யாருக்குக் குழந்தை பிறந்தது, மகளைப் பெண் கேட்டு வந்தவர்களை அவள் எப்படித் திருப்பி அனுப்பினாள், கல்யாணமான புதிதில் சொல்ல நினைத்து விட்டுப்போனவை. இரண்டு வருடத்தில் அவர் பேசிய பேச்சு, அதற்கு முன் ஆயுள் முழுக்கப் பேசியதைவிட அதிகம் என்று மகள் சொல்வாள். நாடி நான்கானது, ஆறானது. மெக்கானிக் அவசரப்படவில்லை.

இரண்டாம் மழையின் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, மணல் பதினொரு இடத்தில் வெடித்திருந்தது. மகள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே கட்டிலில் இருந்து குரல் வந்தது.

"எத்தனை?"

"பன்னெண்டுல பதினொண்ணும்மா."

"நல்ல கணக்கு" என்ற அக்கா, கணவரைப் பார்த்தார். "நீங்க ஏன் நிறுத்திட்டீங்க? அந்தக் கல்யாண வீட்டுக் கதை பாதியில நிக்குது."

மெக்கானிக் தண்ணீர் குடித்துவிட்டு வந்து சொல்லி முடித்தார்.

பதினொரு செடியும் காய்த்து, ஒன்றரைக் கிலோ விதை தேறியது. காயவைத்து, பாதியை அங்கேயே வைத்துவிட்டு, மீதியைத் தூரத்து நாட்டு விதை வங்கி ஒன்றுக்குப் பாதுகாப்புக்காக அனுப்பினார்கள். பொட்டலத்தின் மேல், திறப்பவர் தூங்கிவிடுவார், கட்டில் அவசியம் என்று ஒட்டியிருந்தார்கள். அங்கிருந்து எத்தனை அடி நீளக் கட்டில் என்று மட்டும் கேட்டு எழுதினார்கள்.

பத்து வருடத்துக்கு ஒரு முறை அந்தப் பயற்றைச் சோதித்தாக வேண்டும். அடுத்த முறை யார் உட்காருவது என்று சுற்றறிக்கை வந்தபோது எல்லோரும் தயங்குவார்கள் என்று இயக்குநர் எதிர்பார்த்தார். பதினேழு விண்ணப்பம் வந்தது. சின்னக் குழந்தை உள்ளவர்களையும், வெறுமனே களைப்பாக இருக்கிறது என்று எழுதியவர்களையும் நீக்கினார்கள். சோதனைப் பிரிவில் இல்லாத மெக்கானிக்கும் மனைவியோடு சேர்த்து விண்ணப்பித்திருந்தார். கூடாது என்று விதியில் எங்கும் இல்லாததால் இயக்குநர் ஒப்புக்கொண்டு, கம்பளி இரண்டு, கட்டில் ஒன்று, அகலமானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.