பொன்னுருக்குக்கு வந்த காசு

கரவெட்டியில் யோகமலரின் மகனுக்குப் பொன்னுருக்கு. தாலிக்கு உருக்கத் தன் தாயின் இங்கிலாந்துப் பவுண்காசைப் பொட்டலத்தோடு பத்தரிடம் நீட்டினாள். போன மாதம் அதை விலை விசாரிக்கக் கொண்டுபோன தமையன் சிவலோகன், "பழசுக்கெண்டு ஒருத்தரும் கூட விலை தராயினம், உருக்கிப்போடு" என்று திருப்பித் தந்த பொட்டலம். அண்ணன் தந்ததை யார் பிரித்துப் பார்ப்பது?

பத்தர் காசைப் புரட்டினார். "திறமான தங்கம். அறுபத்தாறாம் ஆண்டுக் காசு."

யோகமலர் திடுக்கிட்டாள். "அம்மாவின்ரை கலியாணம் ஐம்பத்தெட்டிலை. அவவுக்குப் போட்ட காசிலை முக்காடு போட்ட கிழட்டு ராணியெல்லோ?"

"இதிலை இளம் ராணி, அக்கா. முக்காட்டு ராணியெண்டால் பழங்காசு சேர்க்கிறவை கேட்ட விலை தருவினம்."

"நேரம் போகுது, மூசையிலை போட்டு உருக்கும்!" என்று பாய்ந்தார் சிவலோகன். "நிறை சரிதானே? உருகினால் எல்லாம் ஒண்டுதான்."

உருகியிருந்தால் காசு மாறியது அவளுக்கு ஒருநாளும் தெரிந்திராது. அந்தத் தைரியத்தில்தான் அவர் சபையில் முன்வரிசையில் இருந்தார்.

யோகமலர் தன் காப்பைக் கழற்றிப் பத்தரிடம் கொடுத்தாள். காசைத் தமையனின் மடியில் எறிந்தாள்.

"கொண்டுபோங்கோ அண்ணை. களவுப் பொன்னிலை என்ரை மருமகளுக்குத் தாலி வேண்டாம்."