இருபத்துநாலு தடவை ஏறியவர்

அந்தக் கட்டடத்துக்கு இருபத்திரண்டு மாடி. அதில் தண்ணீர் கேன் சுமக்கிற கிழவருக்கு வயது அறுபத்துமூன்று. லிஃப்ட் மூன்று இருந்தும் கேன்காரர்கள் அதில் கால் வைக்கக் கூடாது. எப்போதோ ஒரு கேன் ஒழுகி, யாரோ ஒரு பெரிய மனுஷனின் ஷூ நனைந்துவிட்டதாம். அன்றிலிருந்து பதினோரு வருஷமாகப் படிக்கட்டுதான்.

அவரோடு சுமந்தவன் அவர் பெண்டாட்டியின் தம்பி. இரண்டு மாதமாக அவனுக்குக் குடலிறக்கம். எட்டாவது மாடியில் கேனை இறக்கிவைத்து, அடிவயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்துவிடுவான். வேலையை விடவும் முடியாது. வீட்டில் நாலு வாய். லிஃப்ட் கிடைத்தால் ஆள் தப்பித்துக்கொள்வான். மேனேஜரிடம் மூன்று முறை கேட்டாயிற்று. "மேலிடத்துல சொல்றேன்" என்பார். அந்த மேலிடம் எத்தனாவது மாடியில் இருக்கிறதென்று எல்லா மாடிக்கும் தண்ணீர் போடுகிற இவர்களுக்கே தெரியாது.

அப்போதுதான் படியேறும் போட்டி என்று போர்டு வைத்தார்கள். நாலு மணி நேரத்தில் அதிகத் தடவை உச்சிக்கு ஏறுகிறவருக்குக் கோப்பை. கொடுக்கப்போவது கட்டடத்து முதலாளி. கிழவர் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

"கோப்பைய வச்சு என்ன மாமா பண்ணப் போற? குடிக்கக்கூட லாயக்குப்படாது."

"கோப்பை யாருக்கு வேணும் மாப்ள? முதலாளி கையில இருந்து வாங்கும்போது லிஃப்டக் கேப்பேன்."

"உடனே தூக்கிக் குடுத்துருவாரு பாரு."

"அத்தனை பேர் முன்னாடி கேட்டா இல்லேன்னு சொல்ல வெக்கப்படுவாருடா."

கிழவர் நம்பிக் கெட்டது அந்த ஒரு இடத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அறுபது பேர் நின்றார்கள். ஆபீஸ் பையன்கள், பெண்கள், கீழ்த்தளத்து ஜிம் மாஸ்டர்.

"பெரியவரே, தண்ணி அப்புறமா கொண்டாங்க. இப்ப போட்டி நடக்கப் போகுது" என்றார் மாஸ்டர்.

"போட்டிக்குத்தான் தம்பி வந்தேன்."

"ஐயோ, யாராவது ஆம்புலன்ஸுக்குச் சொல்லி வையுங்கப்பா!"

ஒரே சிரிப்பு.

ஏறுவது படியில், இறங்குவது லிஃப்டில் என்று விதி. முதல் தடவை உச்சியை அடைந்து லிஃப்டுக்குள் போன கிழவர் எந்தப் பொத்தானை அழுத்துவதென்று தெரியாமல் நின்றார். கூட வந்த பெண் அழுத்திவிட்டாள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே இறங்கினார்.

மாஸ்டர் இரண்டிரண்டு படியாகத் தாவினார். கிழவர் ஓடவே இல்லை. கேனோடு ஏறுகிற அதே நடை, திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு மூச்சு. தோளில் பாரமில்லாதது யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல் இருந்தது. மூன்றாவது மணி நேரத்தில் மாஸ்டர் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். "ஆம்புலன்ஸ் வந்துருச்சா தம்பி?" என்று கேட்டுவிட்டுக் கிழவர் தாண்டிப் போனார். முடிவில் மாஸ்டர் இருபத்துமூன்று. கிழவர் இருபத்துநாலு.

முதலாளி கோப்பையைக் கொடுத்துத் தோளில் கைபோட்டு மைக்கை நீட்டினார். "எப்படிய்யா பயிற்சி எடுத்தீங்க?"

"எங்கய்யா பயிற்சி? கேன் சுமக்குறவங்களுக்கு லிஃப்ட் கிடையாது. என் மச்சினன் உடம்பு முடியாம சாகுறான். லிஃப்டுல போக விடுங்கய்யா."

முதலாளி மைக்கைத் திரும்ப வாங்கினார். "லிஃப்டக் குடுத்துட்டா அடுத்த வருஷம் யாருய்யா ஜெயிக்கிறது?"

கைதட்டல் கட்டடத்தைத் தூக்கிற்று. வெட்கப்பட்டது கிழவர் ஒருவர்தான்.

திங்கட்கிழமை மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார். கிழவருக்கு மட்டும் நாற்காலி போட்டார்.

"நாலு மணி நேரத்துல இருபத்துநாலு தடவை! இத்தனை நாள் ரெண்டு ஆளு எதுக்குன்னு மேலிடத்துல கேக்குறாங்க. உங்க மச்சினனுக்குத்தான் உடம்பு முடியலேன்னு நீங்களே மைக்குல சொல்லிட்டீங்க. வீட்ல ஓய்வெடுக்கட்டும்."

"சார், அது வெறுங்கையோட ஏறுனது. கேனோட இல்ல."

"அடக்கத்தப் பாரு!" என்று சிரித்தார் மேனேஜர்.

வெளியே வந்ததும் மைத்துனன் திட்டவில்லை. தோளில் கிடந்த சாக்குத்துணியை எடுத்து உதறினான்.

"இதையும் சேத்துப் போட்டுக்க மாமா. உனக்குத் தோள் புண்ணாயிடும்."

"நான் பேசிப் பாக்குறேன் மாப்ள."

"வேணாம். நீ பேசுனது போதும்."

அடிவயிற்றில் கைவைத்தபடியே அவன் கேட்டைத் தாண்டிப் போனான். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவன் அக்காவுக்கு என்ன பதில் சொல்வது? கிழவர் இரண்டு துணியையும் ஒன்றாக மடித்துத் தோளில் போட்டு, கேனைத் தூக்கினார்.

"வழி விடுங்கப்பா, சாம்பியன் வர்றாரு!" என்று செக்யூரிட்டி படிக்கட்டுக் கதவைத் திறந்துவிட்டான்.