ஏழாம் குழியின் பாசிமணிகள்

“என்னமோ கேக்க வந்தீங்களே?”

“ஒண்ணுமில்ல சார். சோலி முடியட்டும்.”

“எந்தச் சோலி? இந்தக் குழியா, இந்த மலையா?”

“குழிதான் சார்.”

“அப்ப அடுத்த வாரம் கேளுங்க.”

பாச்சலூருக்கு மேலே ஒரு வாழைத்தோட்டத்தின் ஓரத்தில் ஆறு வருஷத்துக்கு முன் ஞானவேலுக்கும் சண்முகசுந்தரிக்கும் நடந்த பேச்சு இது. அடுத்த வாரமே பக்கத்தில் இன்னொரு பழங்காலக் கல்லறை தென்பட்டுவிட்டது. அவள் கேட்கவில்லை. வருஷத்துக்கு ஒன்றாகத் தோண்டி, இந்த 1962 மாசியில் ஏழாம் குழிக்கு வந்து நின்றார்கள்.

ஞானவேல் அகழாய்வுக்குப் பொறுப்பாளர், கல்யாணம் ஆகாதவர். கிடைத்ததையெல்லாம் படம் வரைவது சுந்தரியின் வேலை. பழனியில் அவளுடைய அண்ணன் நாச்சிமுத்து பஞ்சாமிர்தத்துக்கு மலைவாழைப்பழம் வாங்கி விற்பவர். மலையில் அவருக்குப் பழம் தரும் தோட்டக்காரர் குழந்தைவேலின் வீட்டிலேயே தங்கச்சி தங்கிக்கொள்ளலாம் என்பதால்தான் அவளை இங்கே விட்டுவைத்திருந்தார். இப்போது அந்தப் பொறுமையும் தீர்ந்துவிட்டது. உடுமலையிலிருந்து ஒரு வரன். பங்குனி உத்திரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்று திரும்பி வந்த காலிப் பழக்கூடையோடு சீட்டு வந்திருந்தது. ஞானவேலுக்கு வடக்கே மாற்றல். நாளைக் காலையில் பெட்டிகளை மட்டக்குதிரைகளில் ஏற்றி இறங்கிவிடுவார். முப்பத்திரண்டு வயதில் அவளுக்கு மிச்சம் இருந்தது இந்த ஒரு நாள்.

அந்த நாளும் தப்பாகத்தான் விடிந்தது.

முந்தின நாள் பிற்பகல், கல்லறையின் கிழக்கு மூலையில், மண்ணுக்குள் பாசிமணிகள் ஒழுங்காகக் கிடந்தன. சூதுபவளம் என்கிற சிவப்புக் கல், பளிங்கு, சங்கு. மொத்தம் நாற்பத்தாறு. கிடந்த வரிசையிலேயே வரைந்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அதற்குள் பனிமூட்டம் இறங்கி, காகிதம் நனைய ஆரம்பித்தது. காலையிலிருந்து குந்தியே இருந்ததில் முழங்கால் மரத்துப் போயிருந்தது. வரிசை மாறாமல் தட்டில் அடுக்கிக் கொட்டகையில் வைத்தாள். காலையில் வரைந்துகொள்ளலாம் என்று நினைத்தாள். ஆறு வருஷத்தில் அப்படி நினைத்தது அதுதான் முதல் தடவை.

காலையில் வந்து பார்த்தால், தட்டில் ஒரு மாலை இருந்தது. நூல் கோத்து, முடிச்சுப் போட்டு, அழகாக.

“வீரம்மா!”

மண் சலித்துக்கொண்டிருந்த வீரம்மாள் நிமிர்ந்தாள். உள்ளூர்க்காரி, சுந்தரியின் வயதுதான். படித்தவள் என்பதால் சுந்தரி அவளுக்கு எப்போதும் டீச்சரம்மா.

“என்ன டீச்சரம்மா, இப்படிக் கத்துறீக?”

“இதை யாரு கோத்தது?”

“நாந்தேன். பொம்பள கழுத்துப் பாசி அறுந்து கெடந்தா வெளக்கு வைக்கிறதுக்குள்ள கோத்துரணும். இல்லாட்டி வீட்டுக்கு ஆகாது. நீங்க பாட்டுக்கு உதிரியாப் போட்டுட்டுப் போயிட்டீக. உங்களுக்காகத்தேன் கோத்தேன்.”

சுந்தரிக்கு அழக்கூடத் தெம்பில்லை. தட்டை எடுத்துக்கொண்டு ஞானவேலிடம் போனாள். அவர் பானை ஓடுகளை வைக்கோல் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். மாலையைப் பார்த்தார். ஆறிப்போன தேநீரை ஒரு வாய் குடித்தார்.

“வரைஞ்சாச்சா?”

“இல்ல சார். எடுத்து வச்சேன். தப்பு என்னோடது.”

அவர் ஏதாவது திட்டியிருந்தால் தேவலை. பெட்டிமேல் உட்கார்ந்தார். இந்த மலையில் சங்கு கிடையாது, சூதுபவளமும் கிடையாது. ஒன்று கடற்கரையிலிருந்தும் மற்றது வடக்கே நெடுந்தொலைவிலிருந்தும் வந்திருக்க வேண்டும். இப்போது வாழைப்பழம் இறங்கும் இதே குதிரைப் பாதையில், அன்றைக்கு மிளகும் தேனும் இறங்கி இவை ஏறியிருக்கலாம். அந்தப் பாதை நெடுகத்தான் ஏழு கல்லறைகளும் இருக்கின்றன என்று முதலில் கவனித்தவளே சுந்தரிதான். இந்த மணிகள் ஒரே மாலையா, கழுத்துக்கு ஒன்று கைக்கு ஒன்றா, ஒருத்தி அணிந்ததா, புதைப்பதற்காகவே செய்ததா? வரிசை இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

“இந்த மாலையையே கிடைச்சபடின்னு வரைஞ்சிட்டா யாருக்கும் தெரியப்போறதில்ல,” என்றாள், அவரைப் பார்க்காமல்.

“உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.”

“ஐயா,” என்று வாசலில் வந்து நின்றாள் வீரம்மாள். “நான் என்ன கண்ணை மூடிக்கிட்டா கோத்தேன்? சோடி பார்த்துல்ல கோத்தேன்.”

“என்ன சோடி?”

“அட, இங்கன பாருங்க.” மாலையின் முடிச்சை அவிழ்த்து, இரண்டு சிவப்பு மணிகளை விரலில் எடுத்தாள். “இதோட கன்னம் இந்தப் பக்கம் சாஞ்சு தேஞ்சிருக்கா? அதோட கன்னம் அதுக்கு ஏதுவாத் தேஞ்சிருக்கு. சேத்து வச்சா ஊசி போறதுக்குச் சந்து இல்ல. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல கெடந்து உரசினதுக. பிரிச்சுக் கோக்க மனசு வருமா?”

ஞானவேல் பூதக்கண்ணாடியைத் தேடினார். அது ஏற்கெனவே பெட்டிக்குள் போயிருந்தது. கட்டிய கயிற்றை வெட்டி எடுத்தார். மூவரும் தரையில் உட்கார்ந்து, மணி மணியாகப் பொருத்திப் பார்த்தார்கள். பிற்பகல் வரைக்கும் பார்த்தும் பதினொரு சோடிதான் உறுதியாகச் சேர்ந்தது. மற்றவை போனது போனதுதான். ஆனால் ஒன்று தெரிந்தது. இவை பிணத்துக்கென்று செய்த மணிகள் அல்ல. ஒருத்தியோ, அவளுக்குப் பின் அவள் மகளோ, வருஷக்கணக்கில் கழுத்தில் போட்டு நடந்து, குனிந்து, வேலை செய்து தேய்ந்தவை.

“அப்பாடா, இடுப்பு போச்சு,” என்று எழுந்தாள் வீரம்மாள். “சோடி சேக்கத் தெரிஞ்ச ஆளுக ரெண்டு பேரும். நல்லாத்தேன் இருக்கு.” யாரைப் பார்த்தும் சொல்லாமல் சல்லடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞானவேல் குறிப்பேட்டில் எழுதினார்: வரிசை, வரையாமல் எடுத்ததில் குலைந்தது, பிழை பொறுப்பாளருடையது.

சுந்தரி பேனாவை வாங்கி, ‘பொறுப்பாளருடையது’ என்பதை அடித்து, ‘படம் வரைந்தவருடையது’ என்று எழுதினாள். அவர் குனிந்து அதைப் படித்தார். அவர் காதோரம் இத்தனை நரை எப்போது விழுந்தது என்று அவளுக்கு நினைவில்லை. பக்கத்திலேயே இருந்து பார்த்ததால் தெரியாமல் போயிருக்க வேண்டும்.

மணிகளைப் பஞ்சில் பொதிந்தார்கள். சோடி சேர்ந்தவற்றை அவள் ஒரே பொட்டலமாக மடித்தாள். அவர் கடைசிப் பெட்டியை மூடிக் கயிற்றை இழுத்தார். அவள் முடிச்சின்மேல் விரல் வைத்துக்கொண்டாள்.

“அவ்வளவுதான். வெள்ளனே குதிரைக்காரங்க வந்துருவாங்க,” என்றார். “இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?”

“ஒண்ணு இருக்கு சார். ஆறு வருஷமா இருக்கு.”

அவர் கயிற்றை விடாமல் நிமிர்ந்து பார்த்தார். அவளும் முடிச்சிலிருந்து விரலை எடுக்கவில்லை.

“நாளைக்குப் பழனியில இறங்கினதும் எங்க அண்ணன்கிட்ட வந்து என்னைப் பொண்ணு கேளுங்க.”