நிற்கும் முடிச்சு

"பொணத்துக்குக் கட்டுற மாதிரியே கட்டுறீங்களே!" என்று அவர் மனைவி ஃபுமியே சிரித்தாள்.

ததாவோ காதில் வாங்கவில்லை. தங்கை சேத்சுகோவுக்கு வாங்கிய அரிசி பிஸ்கட் தகரப்பெட்டியை நீலத் துணியில் வைத்து மூலைகளை இழுத்து முடிந்தார். முடிச்சின் முனைகள் இரண்டும் பக்கவாட்டில் படுக்க வேண்டும். அவர் போட்டால் ஒன்று கூரையைப் பார்க்கும், இன்னொன்று தரையைப் பார்க்கும்; இறந்தவர்களின் உடைக்கு மட்டுமே போடும் நிற்கும் முடிச்சு. நாற்பது வருடமாக அப்படித்தான்.

"அவுத்துப் பெட்டியைக் குடுத்துட்டுத் துணியோட வந்துருவேன். அதுக்குள்ள உன் நாத்தனா முடிச்சைப் பத்திப் பாடம் எடுப்பா. கேட்டுத் தொலைக்கிறேன்."

தங்கை ஊரான கனஸாவாவுக்கு ரயில் ஏறும் முன்பே ததாவோ நடைமேடையில் விழுந்து இறந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து கைக்கடிகாரம் வந்தது, காலணி வந்தது, அவிழாத பொதியும் வந்தது.

இறந்தவருக்கான நாற்பத்தொன்பதாம் நாள் பூசை முடிந்து துறவி கிளம்பியதும் சேத்சுகோ தன் கைப்பையைத் திறந்தாள். பரிசைக் காகிதத்தில் சுற்றாதீர்கள், துணியில் கட்டி பூமியைக் காப்பாற்றுங்கள் என்று அவள் நடத்தும் வகுப்பின் துண்டறிக்கைகள். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கொன்று. அவர்கள் எல்லாரும் பிறந்தது முதல் துணியில்தான் கட்டி வருகிறார்கள்; பூமியைக் காப்பாற்றுகிறோம் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. ஃபுமியே தேநீர்க் கோப்பைகளை எடுத்தாள். இந்தப் பெண்ணின் மீது கோபப்படுவதுகூட வீண் செலவு.

ததாவோவின் படத்துக்கு முன்னால் இருந்த பொதி சேத்சுகோவின் கண்ணில் பட்டது.

"அய்யய்யோ அண்ணி, இன்னும் இப்படியேவா வச்சிருக்கீங்க? நிக்கிற முடிச்சு ஆகாதுன்னு அண்ணன்கிட்ட எத்தனை தடவை சொன்னேன். கேட்டானா?"

கேட்டிருந்தால் இதயம் நின்றிருக்காது என்பதுபோல உதட்டைப் பிதுக்கினாள். அவர் கிளம்பிய காலையில் தானும் அதையே சொல்லிச் சிரித்தது ஃபுமியேவுக்கு நினைவு வந்தது.

"எனக்குன்னு கொண்டு வந்ததுதானே. குடுங்க, அவுத்துட்டு அழகா கட்டித் தரேன்."

பெட்டி அவளுடையதுதான். அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த விரல்கள் அவர் போட்ட கடைசி முடிச்சை நெருங்கின. ஃபுமியே பொதியை எடுத்துக்கொண்டாள். தையல் கத்தரியை எடுத்து, முடிச்சுக்குக் கீழே துணியின் வயிற்றை நீளமாகக் கிழித்தாள். பெட்டியை உருவி இரு கைகளாலும் நீட்டித் தலை குனிந்தாள்.

"உன் அண்ணன் குடுத்தது. துணி எங்க வீட்டோடது."

"நல்ல துணி அண்ணி! இன்னும் முப்பது வருஷம் வந்திருக்குமே!"

"வந்திருக்கும்."

சேத்சுகோ போன பிறகு ஃபுமியே துணியைப் படத்துக்கு முன்னால் வைத்தாள். வயிறு கிழிந்த துணி தட்டையாகச் சரிந்தது. அதன் மேலே முடிச்சு, ஒரு முனை கூரையையும் ஒரு முனை தரையையும் பார்த்தபடி, நின்றது.